பன்னிரண்டாவது மாடம்

எங்கள் கோயிலில் பீடத்துக்கு இடது கைப் பக்கம் தரையோடு தரையாக ஒரு பெரிய கருங்கல் பலகை கிடக்கிறது. நாலு மூலையிலும் இரும்பு வளையம். அதைத் தூக்கினால் கீழே படி இறங்கும். படிக்குக் கீழே ஓர் அறை, அறையின் சுவரில் பன்னிரண்டு மாடம். ஒரு மாடத்துக்கு ஒரு சவப்பெட்டி. பெட்டி உள்ளே போனதும் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, சுண்ணாம்பு பூசி, பெயர் வெட்டிய சின்னக் கல்லைப் பதித்துவிடுவார்கள். அதோடு சரி, அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

அந்த அறை பெரிய வீட்டாருக்கு மட்டும். கல்மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்த மாடி வீட்டில் இருந்தவர்கள். துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பாத காலத்தில் கப்பல் தூரத்திலேயே நிற்குமாம். சாமானும் துரைமாரும் மசூலாப் படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். படகெல்லாம் பெரிய வீட்டாருடையது. துடுப்புப் போட்டவர்கள் எங்கள் ஆட்கள். பெரிய வீட்டாரும் எங்களைப் போலத் தமிழ் பேசுகிற கிறிஸ்து வேதக்காரர்கள்தான். ஆனால் சாப்பாடு மேசையில், பேச்சு பாதி இங்கிலீஷில், காலில் எப்போதும் சப்பாத்து. துறைமுகம் வந்ததும் படகுக்கு வேலை இல்லாமல் போச்சு. அவர்களுடைய பெருமை மட்டும் குறையவில்லை. எங்களுடையதும் குறையவில்லை. கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் அவர்கள் தங்கள் தாத்தாவைச் சொல்வார்கள், நாங்கள் எங்கள் தாத்தாவைச் சொல்வோம். அவர் காசு கொடுத்தார், இவர் கல் சுமந்தார்.

அந்த அறையைக் கட்டின பெரிய வீட்டுக் கொள்ளுத் தாத்தா அப்போஸ்தலர் கணக்கில் பன்னிரண்டு மாடம் வைத்தாராம். ஊருக்குள் கோயிலில் புதைக்கக் கூடாது என்று சர்க்கார் எப்போதோ நிறுத்திவிட்டது. இவர்களுக்கு மட்டும் பழைய அனுமதி, அந்தப் பன்னிரண்டு நிறைகிற வரைக்கும். புதிதாக ஒன்று தோண்ட முடியாது.

ஞானஸ்நானத் தொட்டி எல்லாருக்கும் ஒன்றுதான். எங்கள் படகுக்கார வீட்டில் பிள்ளை பிறந்தால் தொட்டியண்டை ஏந்திப் பிடிக்கப் பெரிய வீட்டிலிருந்து ஒரு அம்மா வருவார்கள். அது வழக்கம். எங்களில் ஒருத்தி அவர்கள் பிள்ளையை ஏந்தியது கிடையாது. என்னை ஏந்தினது அந்த வீட்டுச் சின்னம்மா. அப்போது அவர்களுக்கே பாவாடை வயது போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். நான் அவர்கள் கையில் வீறிட்டு அழுததில் உபதேசியார் மந்திரத்தை மறந்துபோனாராம். என் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஞானத்தாய் என்றால் அம்மாவுக்கு அடுத்த முறை. ஆனால் நான் அவர்களை அம்மா என்று கூப்பிட்டதில்லை. எல்லாரையும் போலச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டேன், அவர்கள் என்னை 'பொண்ணே' என்பார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவரைக் கடலோரத்து மணல் கல்லறையில் வைத்தோம், எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கேதான். என் அண்ணன்மார் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. அண்ணிமார் கையால் சோறு வாங்கிச் சாப்பிட என்னால் ஆகாது. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் வைத்து வீடு வீடாக விற்றேன். சனிக்கிழமை மத்தியானம் கோயிலைப் பெருக்கித் துடைப்பேன். அது நேர்ச்சை. சம்பளத்துக்குச் செய்யவில்லை. யாராவது என்னைக் கோயில் பெருக்குகிறவள் என்று சொன்னால் அன்றைக்கே துடைப்பத்தை அவர்கள் கையில் கொடுத்திருப்பேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

சண்டைக் காலம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் கதவு சாத்திக் கிடந்தது. பெரிய வீட்டார் போகவில்லை. அந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை ரங்கூனில் ஒரு கம்பெனியில் இருந்தார், அவர் திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று பெரியம்மா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மா என்றால் சின்னம்மாவைப் பெற்றவர்கள். ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். எலும்பும் தோலுமாக. அதில் ஒருத்தர் பெரியம்மாவிடம் வந்து, உங்கள் பிள்ளையை வழியில் ஒரு மரத்தடியில் படுத்தபடி பார்த்தேன், எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்.

பெரியம்மா அழவில்லை. சாமியாரைக் கூப்பிட்டு, என் பிள்ளைக்கு மாடம் திறக்க வேண்டும் என்றார்கள். உடல் இல்லையே என்றார் சாமியார். உடுப்பு இருக்கிறது என்றார்கள். அந்தப் பிள்ளை ஞானஸ்நானத்தன்று போட்ட சரிகை வைத்த வெள்ளைச் சட்டை, பெரியம்மா பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருந்தது. அதை ஒரு முழுநீளச் சவப்பெட்டியில் வைத்தார்கள். சாவு மணி அடித்தது, கருப்பு உடுப்பில் பூசை ஆனது, எல்லாம் முறைப்படி. பெட்டியைத் தூக்கினவர்களில் என் மாமனும் ஒருத்தர். வெளியே வந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்:

“நாலு ஆளு இன்னாத்துக்கு? ஒரு விரலால இஸ்துகினு போயிருப்பேன். ஆனாலும் தோளு வலிக்குதுடி.”

மாடத்தை மூடும்போது பெரியம்மா படியிறங்கிப் போய், கொத்தன் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தானே சுண்ணாம்பு பூசினார்கள் என்று கேள்விப்பட்டேன். பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்ததாம். கொத்தன் சரிசெய்யப் போனபோது தொடாதே என்றார்களாம்.

அது பத்தாவது மாடம். இரண்டு வருஷம் கழித்துப் பெரியம்மாவும் போனார்கள், பதினோராவதில். மிச்சம் ஒன்று. அந்த வீட்டில் பிறந்தவர்களில் மிச்சம் இரண்டு பேர். மூத்தவர் ஒரு அண்ணன், அடுத்தது சின்னம்மா. அண்ணனுக்குப் பெங்களூரில் பெண் எடுத்திருந்தது. சுதந்திரம் வந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அவர் பெங்களூருக்கே போய்விட்டார். கடற்காற்று நெஞ்சுக்கு ஆகவில்லை என்றார். சின்னம்மாவையும் கூப்பிட்டார். அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

“எல்லாரும் இங்க தரைக்கடியில இருக்காங்க. விளக்கு யார் ஏத்துவாங்க?” என்று சொல்லிச் சின்னம்மா இருந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த வீட்டில் மாடி பூட்டிக் கிடந்தது. கீழே இரண்டு அறை. சமையலுக்கு இருந்த கிழவரும் பெரம்பூருக்கு மகனோடு போய்விட்டார். நான் மீன் கூடையோடு பின்பக்கம் போவேன். முன்னே நாலு வஞ்சிரமும் ஒரு கூடை இறாலும் வாங்கின வீடு. இப்போது சின்னம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்து ஒரு சங்கரா, இல்லாவிட்டால் இரண்டு காரப்பொடி எடுப்பார்கள்.

“ஒரு மீனை எப்பிடி ஆய்ஞ்சி, எப்பிடிக் கொயம்பு வைக்கறது சின்னம்மா? சட்டி அடியில தேடணுமே” என்பேன்.

“தேடறதுக்கு எனக்கு நேரம் இருக்கு பொண்ணே” என்பார்கள்.

பின்படியில் என்னை உட்காரச் சொல்வார்கள். அவர்கள் வாசற்படிக்கு உள்ளே ஒரு நாற்காலியில். ரொம்பப் பேசமாட்டார்கள். எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சண்டை என்று நான் சொல்வேன், அவர்கள் கேட்பார்கள். நான் கிளம்பக் கூடையைத் தூக்கும்போது மட்டும் ஏதாவது ஒரு கேள்வி வரும். அவசரமில்லாத கேள்வி. எண்ணூரில் இப்போது சங்கு கிடைக்கிறதா, காலடிப்பேட்டையில் மழை பெய்ததா. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் கூடையைத் திரும்பக் கீழே வைப்பேன். என் வீட்டிலும் யாரும் காத்திருக்கவில்லை.

கோயிலில் அவர்களுக்கென்று முன்னால் ஒரு பெரிய பெஞ்சு, பக்கத்தில் குட்டைக் கதவு போட்டது. நாங்கள் எல்லாரும் தரையில் பாய் போட்டு உட்காருவோம். அந்த நீள பெஞ்சின் ஓரத்தில் சின்னம்மா ஒருத்தர், நடுவில்கூட உட்காரமாட்டார்கள். ஒரு மழையில் கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். சாமியார் பீடத்திலிருந்தே, பெஞ்சில் போய் உட்காருங்கள் என்றார். ஒருத்தரும் போகவில்லை. சின்னம்மா எழுந்து அந்தக் குட்டைக் கதவைத் திறந்து வைத்தார்கள். அப்போதும் போகவில்லை. நனைந்த பாயிலேயே நாங்கள் முழங்கால் போட்டோம். நானும்தான். கூப்பிடாத இடத்தில் உட்காருகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, கதவைத் திறந்து வைத்தால் அது கூப்பிட்டது ஆகாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

மரித்தோர் திருநாளுக்கு அண்ணன் வருஷா வருஷம் பெங்களூரிலிருந்து வருவார். ஒரு வருஷம் பூசை முடிந்து எல்லாரும் மணல் கல்லறைக்குப் போய்விட்டார்கள். நான் மெழுகுவர்த்தி சிந்தினதைச் சுரண்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கருங்கல் பலகை மேல் விளக்கு ஏற்றி நின்றார்கள்.

“ஒண்ணுதான் இருக்கு. அது எனக்குன்னு சாமியார்கிட்டச் சொல்லி வெச்சிட்டேன்” என்றார் அண்ணன்.

“எப்ப சொன்னே?”

“காலையில. வீட்டுக்கு மூத்த பிள்ளை நான்.”

“ஊரை விட்டுப் போனவனுக்கு இங்க என்ன? பெங்களூர்ல மண்ணு இல்லியா? தினம் வந்து துடைக்கிறவ நான்.”

“கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு மாடம் குடுத்த வழக்கம் இல்லை.”

“அப்ப மூணாவதுல யாரு? அத்தை எவனைக் கட்டிக்கிட்டா?”

அண்ணன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுச் சிரித்தார்.

“சரி விடு. யார் முந்தறோமோ அவங்களுக்கு.”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். சின்னம்மா சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதுதான் மிச்சமிருந்த ஒரே வீடு. மாடி வீட்டை அண்ணன் எப்போது விற்றாலும் விற்பார், அவர் பேரில் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அம்மா, அப்பா, அத்தை, தம்பியின் சட்டை, எல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கூட்டத்தோடு கூட்டம். தான் இத்தனை வருஷம் தனியாக உட்கார்ந்திருந்ததே அந்த இடத்துக்காகத்தான் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு நெஞ்சு வலி என்று சேதி வந்தது. நான் மீன் கொண்டுபோன அன்று சின்னம்மா மீனைப் பார்க்கவே இல்லை.

“ஜெபமாலை எடுத்து உட்கார்ந்தா எதைக் கேக்கறதுன்னு தெரியலை பொண்ணே.”

“உங்க அண்ணன் நைனா பொயைக்கணும்னு கேளுங்க.”

“அதைத்தான் கேக்கறேன். அவனுக்காகக் கேக்கறேனா, மாடத்துக்காகக் கேக்கறேனா? அவன் இருந்தா நான் முந்திக்கலாம், பாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை.

“கேக்கறத கேளுங்க சின்னம்மா. சாமி அத்தெல்லாம் பிரிச்சிப் பாத்துகினு குந்தியிருக்காது. அதுக்கு ஆயிரம் பேஜாரு.”

அவர்கள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அண்ணன் பிழைக்கவில்லை. தந்தி வந்தது. உடலைப் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டோம், மாடத்தைத் திறந்து வையுங்கள் என்று.

சின்னம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கொத்தனும் ஆட்களும் கடப்பாரை போட்டுக் கருங்கல்லை நகர்த்திவிட்டார்கள். பெரியம்மாவை வைத்ததற்கு அப்புறம் திறக்காத அறை, பெருக்க வேண்டும் என்றார்கள். நான் துடைப்பமும் லாந்தரும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாற்றம் அடிக்கும் என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றும் இல்லை, பழைய சுண்ணாம்பு வாசனைதான். காய்ந்த பூவெல்லாம் காலடியில் நொறுங்கியது. சுற்றிலும் பெயர்க் கற்கள். எனக்கு உபதேசியார் பள்ளிக்கூடத்தில் படித்த மூணு வகுப்புப் படிப்பு, அதில் இங்கிலீஷ் இல்லை. எது யார் என்று தெரியவில்லை. பத்தாவது மட்டும் தெரிந்தது. பூச்சில் பெரியம்மாவின் விரல் தடம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு மாடம் வாயைத் திறந்தபடி.

பின்னால் சப்பாத்துச் சத்தம். சின்னம்மா தானே இறங்கி வந்துவிட்டார்கள். கடைசி மாடத்தண்டை போய்க் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்கள். தூசியை முந்தானையால் துடைத்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டில் போடுகிற மாதிரி.

மேலே படியில் சாமியார் நின்றார். தெற்கே இருந்து வந்த புதுச் சாமியார், சின்ன வயசு, நல்லவர். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. குனிந்து மெல்லச் சொன்னார்:

“அம்மா, பத்தாவதுல உடுப்பு மட்டுந்தானேம்மா இருக்கு. அதை எடுத்து உங்க அம்மா பெட்டி பக்கத்துல மரியாதையா வச்சிடலாம். உங்க அண்ணனுக்கு ஒரு மாடம், உங்களுக்கு ஒரு மாடம். நான் பிஷப் ஆண்டவர்கிட்ட அனுமதி வாங்கித் தரேன்.”

சின்னம்மா மாடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நான்தான் பொறுக்க முடியாமல் சொன்னேன்:

“சாமி சொல்றது ஞாயந்தானே சின்னம்மா? உள்ள யாரும் இல்லியே. சட்டைதானே கீது. சட்டைக்கு ஒரு வூடு, உங்களுக்கு வூடு இல்லையா?”

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். லாந்தர் வெளிச்சத்தில் பெரியம்மா முகம் போலவே இருந்தது.

“அம்மா அவனை இங்க கொண்டுவந்து வெச்சிட்டோம்னு நம்பித்தான் கண்ணை மூடினாங்க. நான் இதைத் திறந்தா அவன் இங்க இல்லைன்னு ஆயிடும். அப்புறம் அவன் இன்னும் அந்த மரத்தடியிலதான் கிடக்கணும்.”

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டார்.

“அப்ப நைனாவ வேற எங்கியாச்சும்…” என்றேன்.

“செத்தவனைத் திருப்பி ரயில் ஏத்தறதா? அவன் வந்துட்டான் பொண்ணே. முந்திக்கிட்டான்.”

மறுநாள் சாயங்காலம் அண்ணனை வைத்தார்கள். அண்ணியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வரவில்லை. இருட்டுமுன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். கொத்தன் கருங்கல்லை நகர்த்தி ஓரமெல்லாம் சுண்ணாம்பு கொடுத்தான். முன்னே எல்லாம் லேசாகத்தான் பூசுவானாம், மறுபடி திறக்க வேண்டுமே என்று. அன்றைக்கு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினான். சின்னம்மா பெஞ்சு ஓரத்திலிருந்து ஈயம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெழுகைச் சுரண்டுகிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

அப்புறம் பின்படியில் அவர்கள் கேள்வி கேட்பதும் நின்றுபோனது. நான் கூடையைத் தூக்கினால் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். நானாகக் கூடையைக் கீழே வைத்தாலும் பேச்சு வரவில்லை. இப்படியே கோடை முழுக்கப் போனது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் என்னை நிறுத்தினார்கள்.

“உங்க ஆளுங்க இருக்கிற இடத்தை எனக்குக் காட்டறியா?”

கை ரிக்‌ஷா வைத்துப் போனோம். அவர்கள் அங்கே வந்ததே இல்லை. எங்கள் பிள்ளைகளை எல்லாம் தொட்டியண்டை ஏந்தின கை. அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அவர்களுக்கு முன்னாலேயே அங்கே மணலுக்குள் போயிருந்தார்கள். மரச் சிலுவைக்குத் தார் பூசி நட்டிருக்கும், காற்றில் சாய்ந்து சாய்ந்து நிற்கும். அலைச் சத்தம் பக்கத்திலேயே. சப்பாத்து மணலில் புதைந்ததும் அவர்கள் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. வழியில் என் வயசுப் பெண் ஒருத்தி பெயரைச் சிலுவையில் படித்துவிட்டு, “இவ ரொம்ப அழுதாளே, நீ அழுத மாதிரியே” என்றார்கள்.

என் வீட்டுக்காரர் சிலுவையண்டை வந்து நின்றோம். அவருக்கு வலது பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம், நாலு முனையிலும் சிப்பி நட்டிருந்தது. எங்களில் புருஷனை முந்திக் கொடுத்தவள் அப்படிச் சிப்பி நட்டு வைத்துவிட்டு வந்தால் அந்த இடம் அவளுடையது. காகிதம் கிடையாது. சாமியாருக்கும் தெரியும், குழி வெட்டுகிறவனுக்கும் தெரியும்.

சின்னம்மா அந்த இடத்தையே பார்த்தார்கள்.

“இங்க யாரும் இல்லியே?”

“இல்ல.”

“இதை எனக்குக் குடுக்கறியா?”

அவர்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிசு. என் வாயிலிருந்தும் உடனே வந்துவிட்டது:

“அது என்து சின்னம்மா.”

அவர்கள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. அந்த வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். சப்பாத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “ஆமாம், உன்னுது” என்று திரும்பி நடந்தார்கள்.

நான் அங்கேயே நின்றேன். எனக்கு இரக்கம் இல்லை என்று நினைக்க வேண்டாம். நாலு வருஷம்கூட நான் அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணவில்லை. அந்தச் சிப்பி நட்ட இடத்தை நினைத்துத்தான் கூடையைத் தூக்கினேன், அண்ணிமார் பேச்சைக் கேட்டேன், ஒண்டியாகக் கஞ்சி குடித்தேன். அதை ஞானத்தாய்க்கும் கொடுக்க முடியாது. சின்னம்மா கடைசி மாடத்தைத் தடவிப் பார்த்தது என் கண்ணில் நின்றது. விட்டுக் கொடுத்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும், என்னால் விட முடியவில்லை.

ஆனால் கொஞ்ச தூரம் போய்விட்டவர்களைக் கூப்பிட்டேன்.

“சின்னம்மா! எனுக்கு இந்தாண்ட வெத்து எடம் கீது பாருங்க. அவரு, அப்பால நானு, அப்பால நீங்க. ஆவுமா?”

திரும்பி நின்றார்கள். காற்றில் முக்காடு பறந்தது.

“நீ இப்ப சாகப் போறதில்லையே. நான் முதல்ல வந்தா நடுவில வெத்தா கிடக்குமே.”

“கெடந்தா கெடக்கட்டும். நான் வராமயா பூடுவேன்? வேற எங்க போறது?”

“உன் புருஷன் ஒண்ணும் சொல்லமாட்டானா?”

“அவரு உசுரோட இருக்கச்சொல்லவே எதுவும் சொன்னதில்ல.”

அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் இரண்டு பேரும் கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்கினோம். நல்லதாக, உடையாததாக வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுக்க ரொம்ப நேரம் ஆனது. நான் குழி பறித்தேன், அவர்கள் நட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்கள். சாகிற நேரத்தில் அவஸ்தை எண்ணெய் பூசும்போது சாமியாரும் நானும் மணி அடிக்கிற கோயில்பிள்ளையும் மட்டும் இருந்தோம். பெங்களூரிலிருந்து தந்தியில் வருத்தம் வந்தது, ஆள் வரவில்லை. ஆனால் பெட்டியைக் கோயிலிலிருந்து எடுக்கும்போது திரும்பிப் பார்த்தால் தெருவெல்லாம் ஆட்கள். சின்னம்மா தொட்டியண்டை ஏந்தின பிள்ளைகள், வலையை அப்படியே போட்டுவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். தூக்குவதற்குத் தோள் மாற்றி மாற்றிப் போட்டியாக இருந்தது. சின்னம்மா அவ்வளவு பேரைத் தன்னுடையவர்களாக நினைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து வைத்த அன்றைக்கு ஒருத்தராவது போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்போது மணல் கல்லறையில் நெருக்கடி. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், சின்னம்மா ஒரு பக்கம், நடுவில் அந்த வெற்றிடம். பார்க்கிறவர்களுக்கு உறுத்துகிறது போலிருக்கிறது. யாராவது செத்தால் அதைக் கேட்டு வருகிறார்கள். போன மாசம்கூடக் குழி வெட்டுகிறவன் மண்வெட்டியோடு நின்றான். நான் கம்பை ஊன்றிக்கொண்டு போய் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“இன்னாத்தா இது, ஆளு இல்லாத எடத்துல குந்திகினு? இன்னும் எவ்ளோ நாளிக்குக் காலியா வெச்சிருக்கறது?” என்றான்.

“ஒனக்கு இன்னாடா அவசரம்? அவுங்க ரெண்டு பேருமே கேக்கல” என்றேன்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே வேறு பக்கம் போனான். நான் வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, பேச்சுக்குத்தான் யாரும் இல்லை.